ஜெல் மட்டும் போதுமா? ஹார்மோன் சிகிச்சையில் முதல் மூன்று மாதம்

மாதவிலக்கு நிற்கிற வயதில் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போதே நெற்றியும் கழுத்தும் குப்பென்று வியர்த்துக் கொட்டும். இரவு இரண்டு மணிக்கு ஜாக்கெட் நனைந்து விழிப்பு வந்தால், விடியும்வரை தூக்கம் இல்லை. மூட்டு வலி, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பிள்ளைகள் மீது விழும் கோபம்... இதையெல்லாம் தாங்க முடியாமல் லேடி டாக்டரிடம் போகிறீர்கள். அவர் பிரஷர், மார்பகம், கர்ப்பப்பை எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டு, கையில் தடவிக்கொள்ள ஒரு ஜெல்லையோ, இடுப்பில் ஒட்டிக்கொள்ள ஒரு பேட்ச்சையோ எழுதித் தருகிறார். கூடவே இரவில் சாப்பிட ஒரு மாத்திரை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகங்கள் ஆரம்பமாகும். எங்கே தடவுவது? தடவியதும் குளிக்கலாமா? மார்பு வலிக்கிறதே, நின்றுபோன விலக்கு மறுபடி எட்டிப் பார்க்கிறதே, விட்டுவிடலாமா?

நான் சித்த மருத்துவன். இந்த ஜெல்லை நான் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் எழுதி வாங்கியவர்கள் பாதி வழியில் என்னிடம் வருவது உண்டு. "மூணு வாரமா தடவுறேன் டாக்டர், மார்பெல்லாம் கனத்துப் போகுது. இதை விட்டுட்டு நீங்க ஏதாவது லேகியம் குடுங்களேன்" என்பார்கள் சிலர். இன்னும் சிலர், "ஜெல் நல்லாக் கேக்குது. அந்த மாத்திரைதான் தூக்கித் தூக்கிப் போடுது. அதை மட்டும் நிறுத்திட்டேன்" என்பார்கள். முதலில் சொன்னவர்களுக்கு வேண்டியது கொஞ்சம் பொறுமை. இரண்டாவதாகச் சொன்னவர்களுக்கு வேண்டியது உடனடி எச்சரிக்கை. இந்தப் பாடம் இரண்டு பேருக்காகவும்தான்.

உடம்பில் என்ன நடக்கிறது?

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. மேல்நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நடக்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதை ஒட்டியே நடந்துவிடுகிறது. ஆபரேஷனில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், 38 வயதானாலும் சரி, அன்றைக்கே இந்த நிலை வந்துவிடும்.

சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்துபோவதுதான் காரணம். மூளையில் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி இந்த ஹார்மோனுக்குப் பழகியிருந்தது. அது குறைந்ததும், சிறிது சூடு ஏறினாலே "அபாயம்" என்று எண்ணித் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்ட வைக்கிறது. எங்கள் சித்த மருத்துவ வழக்கில் பித்தத்தின் மிகுதியாகச் சொல்லும் எரிச்சல், வியர்வை, தூக்கக் கேடு எல்லாம் இங்கே ஒன்றாகக் காணலாம். பெயர் எதுவானாலும் அவஸ்தை ஒன்றுதான். அது கற்பனை அல்ல. "எங்க காலத்துல இதுக்கெல்லாம் யாரு மருந்து சாப்பிட்டா?" என்று மாமியார் கேட்டால் கேட்கட்டும். அந்தக் காலத்திலும் பெண்கள் இந்தத் துன்பத்தை அனுபவித்தார்கள்; வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தோல் வழியாக எதற்கு?

மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களின் உற்பத்தியைத் தூண்டுகிறது. அதனால் கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. ஜெல்லும் பேட்ச்சும் தோல் வழியாக நேராக ரத்தத்தில் கலப்பவை. கல்லீரலை முதலில் தொடுவதில்லை. வழக்கமான அளவில் இவை ரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. உடல் பருமன், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு டாக்டர்கள் தோல் வழியைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

"ஹார்மோன்னா கேன்சர் வருமாமே?" என்ற பயத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் உமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆராய்ச்சியின் ஒரு பகுதி 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்து மாத்திரையாகச் சாப்பிட்டவர்களில், ஆண்டுக்கு 10,000 பெண்களுக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. அந்தச் செய்தி உலகம் முழுதும் பரவியது. எத்தனையோ பெண்கள் ஒரே நாளில் மருந்தை நிறுத்தினார்கள். அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பதும், கொடுக்கப்பட்டது சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஹார்மோன் மாத்திரை என்பதும் பலருக்குத் தெரியாது. 60 வயதுக்குள், அல்லது விலக்கு நின்ற 10 ஆண்டுகளுக்குள் ஆரம்பிக்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய கருத்து.

இதற்காக அபாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு ஹார்மோன்களையும் பல ஆண்டுகள் சேர்த்து எடுத்தால் மார்பகப் புற்று வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதனால்தான் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப் போடக்கூடாது.

ஜெல் தடவும் முறை

பம்ப் உள்ள பாட்டிலானால் ஒரு அழுத்து, இரண்டு அழுத்து என்று டாக்டர் சொல்லியிருப்பார். டியூபானால் கூட வரும் அளவுகோலில் பிதுக்க வேண்டும். விரல் நுனிக் கணக்கில் எடுத்துத் தடவுவது தப்பு.

1. தினமும் ஒரே நேரத்தில் தடவுங்கள். குளித்து, ஈரம் போகத் துடைத்த பிறகு தடவுவது உத்தமம்.

2. தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை கையின் வெளிப்புறம், அல்லது தொடையின் உட்புறம் தடவலாம். மார்பிலோ, முகத்திலோ, பெண்ணுறுப்பிலோ தடவக் கூடாது. புண், வெட்டுக் காயம் உள்ள இடமும் வேண்டாம்.

3. தைலம் மாதிரி அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. அகலமாக, மெல்லியதாகப் பரப்பிவிட்டு ஐந்து நிமிடம் காயவிடுங்கள். பிறகு ஜாக்கெட்டோ நைட்டியோ போட்டுக்கொள்ளலாம்.

4. ஜெல்லில் ஆல்கஹால் இருக்கிறது. எளிதில் தீப்பற்றும். காயும்வரை கேஸ் அடுப்புப் பக்கம் போகாதீர்கள். சாமி விளக்கையும் ஏற்றாதீர்கள். காலையில் குளித்ததும் விளக்கேற்றும் வழக்கம் உள்ளவர்கள் பூஜையை முடித்துவிட்டுத் தடவலாம், அல்லது இரவில் தடவலாம்.

5. தடவியதும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தில் தண்ணீர், க்ரீம், பவுடர், எண்ணெய் எதுவும் படக்கூடாது.

6. இதுதான் பலர் அறியாதது. தடவிய கையால் பேரக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டால், மருந்து குழந்தையின் தோலிலும் ஏறும். இப்படி அடிக்கடி பட்டுச் சின்னக் குழந்தைகளுக்கு மார்பு வீங்கியதாக அனுபவம் இருக்கிறது. குறைந்தது ஒரு மணி நேரம் யாருடைய தோலும் அங்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை எப்போதும் இடுப்பிலேயே இருக்கிற வீடானால், கையை விட்டுவிட்டுத் தொடையில் தடவுங்கள்.

7. ஒரு வேளை மறந்துவிட்டால், 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் தடவுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் விட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான அளவு மட்டும் போதும். இரண்டு நாள் மருந்தை ஒன்றாகப் பூசாதீர்கள்.

பேட்ச் ஒட்டும் முறை

ஒரு நாளைக்கு 25, 50, 75, 100 மைக்ரோகிராம் என்று பல அளவுகளில் பேட்ச் உண்டு. பெரும்பாலானவற்றை வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும். வாரம் ஒரு முறை மாற்றும் வகையும் உண்டு. அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் எல்லா மருந்துக் கடைகளிலும் பேட்ச் இருக்காது. தீர்ந்துபோகும் முன்பே சொல்லிவைத்து வாங்குங்கள்.

இடுப்புக்குக் கீழே, புட்டத்தின் மேல்பகுதி, அடிவயிறு, தொடையின் மேல்பகுதி இவை நல்ல இடங்கள். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம், உராய்ந்து உரிந்துவிடும். மார்பில் ஒட்டவே கூடாது. ஒட்டிய பிறகு உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஓரங்களை விரலால் ஒரு சுற்று தடவி விடுங்கள். அடுத்த முறை அடுத்த பக்கம். ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்குள் மறுபடி ஒட்டினால் அரிப்பும் சிவப்பும் வரும்.

நம் வெயிலில், வியர்வையில் பேட்ச் கழன்று விழுவது சகஜம். பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் அதையே வேறு காய்ந்த இடத்தில் ஒட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் புதியது ஒட்டுங்கள். ஆனால் மாற்றும் கிழமையை மாற்றாதீர்கள். பேட்ச் மேல் வெந்நீர்ப் பை, ஒத்தடம் வைக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக இறங்கிவிடும். டாக்டர் சொல்லாமல் கத்தரித்துப் பாதியாக்கவும் வேண்டாம்.

எண்ணெய்க் குளியல்?

சித்த மருத்துவனிடம் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! செவ்வாய், வெள்ளிகளில் தலைமுழுகும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட வேண்டாம். உடல் சூட்டுக்கும் தூக்கத்துக்கும் இதமானது. எண்ணெய்ப் பசை உள்ள தோலில் பேட்ச் ஒட்டாது, ஜெல்லும் சரியாக இறங்காது என்பதுதான் விஷயம். எனவே சீயக்காய், பயத்தமாவு போட்டு எண்ணெயைச் சுத்தமாக எடுத்து, துடைத்து, அரை மணி கழித்துத் தடவுங்கள். பேட்ச்காரர்களுக்கு ஒரு யோசனை: பேட்ச் மாற்றும் நாளையே செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் போயிற்று. பழையதை எடுத்துவிட்டு முழுகுங்கள். குளித்துக் காய்ந்ததும் புதியதை ஒட்டுங்கள். பழைய பேட்ச் விட்டுப்போன பிசினைத் துளி எண்ணெய் எடுத்துவிடும்.

முதல் மூன்று மாதக் கணக்கு

பல ஆண்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஹார்மோன் சட்டென்று ஒரு நிலைக்கு வருகிறது. உடம்பு அதற்குப் பழக நாள் பிடிக்கும்.

முதல் இரண்டு வாரம்: பலருக்கு ஒன்றுமே தெரியாது. "காசுதான் வீண்" என்று தோன்றும். சிலருக்கு மார்பு கனம், வயிறு உப்புசம், லேசான குமட்டல், தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு வரலாம். கவலை வேண்டாம்.

மூன்று முதல் ஆறு வாரம்: சூடு அடிப்பது குறையத் தொடங்கும். நாளைக்குப் பத்து முறை வந்தது ஐந்தாறு ஆகும். இரவு வியர்வை அடங்கினால் தூக்கம் தானே வரும். திட்டுத்திட்டாக ரத்தக் கசிவு தெரிந்து பயமுறுத்துவதும் இப்போதுதான். பெரும்பாலோர் மருந்தைக் கைவிடுவதும் இப்போதுதான்!

இரண்டாம், மூன்றாம் மாதம்: மார்பு வலி, உப்புசம் பெரும்பாலும் தணியும். மனசு கொஞ்சம் லேசாகும். பெண்ணுறுப்பின் வறட்சி, மூட்டு வலி போன்றவை மெதுவாகத்தான் குறையும். வறட்சிக்கு ஜெல் போதாமல் போனால், உள்ளே உபயோகிக்கும் தனி க்ரீமை டாக்டர் கொடுப்பார்.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டரிடம் போக வேண்டும். மருந்து சரிதானா என்று தீர்ப்புச் சொல்லும் நேரம் அது. சூடு இன்னும் அடித்தால் அளவு போதவில்லை, அல்லது தோலில் இறங்கவில்லை. மார்பு வலி தீரவே இல்லை என்றால் அளவு கூடுதலாக இருக்கலாம். கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். "ஒரு அழுத்து கூடப் போட்டுக்கிட்டேன்" என்று நீங்களே செய்துகொண்டால் கணக்கு குழம்பிவிடும்.

இரவு மாத்திரையை விட்டால் என்ன ஆகும்?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட்ரோஜன், கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்க்கும். வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதாமாதம் அது செய்த வேலை இதுதான். அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவது புரொஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோன். ஜெல்லிலும் சாதாரண பேட்ச்சிலும் இருப்பது முதலாவது மட்டும். இரவு மாத்திரையில் இருப்பது இரண்டாவது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெல்லை மட்டும் தடவினால், சவ்வு கேட்பாரில்லாமல் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அது புற்றாக மாறக்கூடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்துவந்த காலத்தில், கர்ப்பப்பைப் புற்று கூடுகிறது என்று 1975-லேயே மருத்துவ இதழில் வெளியானது. பின்னர் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு மூன்று ஆண்டு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, பத்தில் ஆறு பேருக்குச் சவ்வு அளவுக்கு மீறி வளர்ந்திருந்தது. புரொஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்த மருந்துகளின் மேல் கட்டம் கட்டிப் போட்டிருந்த இதயநோய், மார்பகப் புற்று எச்சரிக்கைகளை எடுக்கப் போவதாக அறிவித்தது. ஆனால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக உபயோகித்தால் வரும் கர்ப்பப்பைப் புற்று பற்றிய எச்சரிக்கையை எடுக்கவில்லை. இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

"தோல்ல தானே தடவுறேன், கர்ப்பப்பைக்கு எப்படிப் போகும்?" என்று ஒரு பள்ளி ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்விதான். தோலில் தடவினாலும் போய்ச் சேருவது ரத்தத்தில். ரத்தம் போகாத இடம் உடம்பில் உண்டா? சூட்டைத் தணிக்க மூளைவரை போகிற மருந்து, கர்ப்பப்பைக்குப் போகாமல் இருக்குமா?

மாத்திரை தூக்கத்தைத் தருவது உண்மை. அதையே சாதகமாக்கிக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கையில் உட்கார்ந்தபடி விழுங்குங்கள். சாப்பிட்டதும் விழுங்கினால் அதிகமாக ரத்தத்தில் ஏறி மறுநாள் காலை வரை மந்தம் தட்டும். விழுங்கிவிட்டு அடுப்படி வேலைக்குப் போகாதீர்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு வகை மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் இருக்கிறது. மாற்று வழி உண்டு. மாத்திரை இல்லாமல் ஜெல் மட்டும் என்ற வழி, கர்ப்பப்பை உள்ளவர்களுக்குக் கிடையாது.

கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குப் பொதுவாக ஜெல் மட்டும் போதும். ஆகவே பக்கத்து வீட்டு அக்கா மாத்திரை இல்லாமல் ஜெல் மட்டும் தடவுகிறார் என்றால், அவருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கலாம். அவரைப் பார்த்து நீங்கள் நிறுத்தாதீர்கள்.

ரத்தப்போக்கு: எது சகஜம், எது ஆபத்து?

மாத்திரையை மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் சாப்பிடச் சொல்லியிருந்தால், அது முடிகிற சமயத்தில் விலக்கு மாதிரி ரத்தம் வரும். அது எதிர்பார்த்ததுதான். தினமும் சாப்பிடச் சொல்லியிருந்தால், முதல் மூன்று முதல் ஆறு மாதம் அங்கங்கே கசிவு இருக்கலாம். பிறகு நின்றுவிட வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் நிற்காவிட்டாலும், ஒரு முறை நின்று மறுபடி வந்தாலும், கட்டி கட்டியாக அதிகம் போனாலும் ஸ்கேன் எடுத்துச் சவ்வின் தடிமனைப் பார்க்க வேண்டும். "வயசான காலத்துல இதையெல்லாம் எப்படிச் சொல்றது" என்று மறைப்பவர்கள் உண்டு. கர்ப்பப்பைப் புற்று ஆரம்பத்திலேயே ரத்தப்போக்கு என்ற மணியை அடித்துவிடுகிறது. அந்த மணியைக் கேட்டு வந்தவர்களைப் பெரும்பாலும் முழுதாகக் குணப்படுத்தலாம். வெட்கத்துக்கு இங்கே இடமில்லை.

சித்த மருந்தும் சேர்த்துச் சாப்பிடலாமா?

என் தொழிலைப் பற்றி நானே சொல்ல வேண்டிய இடம் இது. விலக்கு நிற்கும் காலத்து அவஸ்தைகளுக்குச் சித்த மருத்துவத்தில் மருந்துகள் உண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, கற்றாழை என்று நீங்களே பட்டியல் சொல்வீர்கள். ஹார்மோன் ஆகாதவர்களுக்கும், லேசான தொந்தரவு உள்ளவர்களுக்கும் தக்க மருத்துவரின் மேற்பார்வையில் இவற்றைக் கொடுப்பதுண்டு. ஆனால் ஜெல் தடவும் பெண், கடையில் கிடைக்கிற சூரணத்தையும் சேர்த்து விழுங்குவது வேறு விஷயம்.

தண்ணீர்விட்டானில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த தாவரப் பொருள் இருக்கிறது. அமுக்கரா தைராய்டு அளவைக் கூட்டக்கூடும். சிலருக்குக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷர் ஏறும். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பது தவறான எண்ணம். வேலை செய்யாத பொருளானால் அதை மருந்தென்று நாங்கள் ஏன் கொடுக்கிறோம்?

அதைவிட முக்கியம்: கர்ப்பப்பைச் சவ்வைக் காப்பதில் அந்த இரவு மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மூலிகை எதுவும் இல்லை. "அந்த மாத்திரைக்குப் பதிலா அசோகப் பட்டைக் கஷாயம் குடிச்சாப் போதுமா?" என்று கேட்டால், என் பதில் "போதாது" என்பதுதான். எந்த வைத்தியர் "போதும்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

எனவே இரண்டு பக்கமும் மறைக்காமல் சொல்லுங்கள். லேடி டாக்டரிடம் சித்த மருந்தைச் சொல்லுங்கள். சித்த மருத்துவரிடம் ஜெல்லைச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை சாப்பிடுபவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றில் சில, ஹார்மோனின் வேலையைக் குறைத்துவிடும்.

சமையலறையில் செய்ய வேண்டியது

இந்த வயதில் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து நாளைக்கு 1,200 மி.கி. வேண்டும் என்கிறது நம் நாட்டு உணவுப் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240 மி.கி. அளவில் கிடைக்கும். எள்ளுத் துவையல், முருங்கைக்கீரை, உளுந்தங்களி இவற்றை வாரத்தில் முறை வைத்துச் சேருங்கள். மாலை நேரத்துக் காப்பியையும், இரவுச் சாப்பாட்டில் மிளகாய்க் காரத்தையும் குறைத்தால் சூடு அடிப்பது பலருக்குத் தணிகிறது. காலை வெயில் படும்படி அரை மணி நடையும் வேண்டும். இவை ஜெல்லுக்குத் துணை. ஜெல் இருக்கிறதே என்று இவற்றை விடுவதும் சரியில்லை.

யாருக்கு ஆகாது?

மார்பகப் புற்று, கர்ப்பப்பைப் புற்று வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், ரத்தக்கட்டி இருப்பவர்கள், சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், இவர்களுக்குப் பொதுவாக இந்தச் சிகிச்சை கொடுப்பதில்லை. தெரிந்தவருக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி வாங்கித் தடவுவது கூடவே கூடாது.

சிகிச்சையில் இருக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தாலும், இதுவரை இல்லாத கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தாலும், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே காட்டுங்கள்.

இன்னும் சில கேள்விகள்

விலக்கு இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஜெல் தடவினால் கர்ப்பம் தரிக்காதா?

தரிக்கலாம். இது கருத்தடை மருந்து அல்ல. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

எத்தனை வருஷம் தடவ வேண்டும்?

எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். 40 வயதுக்கு முன்பே நின்றவர்கள், வேறு தடை இல்லாவிட்டால், இயற்கையாக நிற்கும் வயதுவரையாவது தொடர்வது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது.

நிறுத்த வேண்டுமானால்?

திடீரென்று நிறுத்தினால் சூடு பழையபடி திரும்பலாம். டாக்டர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். ஜெல்லைக் குறைப்பதற்கு முன்னால் மாத்திரையை நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு சின்ன நோட்டில் தினமும் நான்கு விஷயம் குறியுங்கள். ஜெல் தடவிய நேரம் அல்லது பேட்ச் மாற்றிய நாள். மாத்திரை போட்டேனா இல்லையா. சூடு எத்தனை முறை அடித்தது. ரத்தம் பட்டதா, எவ்வளவு. கடைசிப் பக்கத்தில் நீங்கள் சாப்பிடும் மற்ற எல்லா மருந்தையும், சூரணம் லேகியம் உட்பட, எழுதி வையுங்கள். மூன்றாம் மாதம் டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும், ஜெல் டியூபையும், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். அட்டையில் மாத்திரை மிச்சமிருந்தால் மறைக்காதீர்கள். ஏன் மிச்சம் என்று அவர் கேட்கட்டும். அங்கிருந்துதான் உங்களுக்குச் சரியான மருந்து எது என்ற பேச்சே ஆரம்பமாகும்.